பெயர் எழுதாத கறுப்பு வளையங்கள்

ஃபெரைட் கோரின் மேல் எதுவும் எழுதியிருக்காது. ரெசிஸ்டருக்கு வண்ணக் கோடுகள் உண்டு. கண்டென்சருக்கு எண் உண்டு. டிரான்சிஸ்டருக்குப் பெயரே அச்சாகியிருக்கும். ஃபெரைட் மட்டும் கறுப்பாக, மழுமழுவென்று, ஊர் பேர் சொல்லாமல் இருக்கும். ஒரே அளவு, ஒரே நிறம், ஏறத்தாழ ஒரே எடை உள்ள இரண்டு வளையங்களில் ஒன்று 7 மெகாஹெர்ட்ஸில் அருமையாக வேலை செய்யும். இன்னொன்று நாம் கொடுக்கும் சக்தியை வாங்கிக்கொண்டு சூடாகும், ஆன்டெனாவுக்கு ஒன்றும் போகாது. கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல யாராலும் முடியாது. ஹாம் ரேடியோவைக் கையால் கட்டுகிறவர்களுக்கு இது நாற்பது வருஷத்துக்கு முன்னும் பிரச்சினை, இன்றும் பிரச்சினை. ஆனால் பிரச்சினையின் முகம் தலைகீழாக மாறிவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வளர்ந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூர். படித்தது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். எண்பதுகளில் மீட்டர் கேஜ் பாசஞ்சரில் போய் வந்த காலம். அப்போது ஹாம் உரிமம் வாங்க மோர்ஸ் பழகவேண்டும், சென்னையில் பரீட்சை எழுதவேண்டும், பிறகு டெல்லியிலிருந்து உரிமம் வழங்கும் அரசுப் பிரிவான டபிள்யூ.பி.சி. அனுப்பும் காகிதத்துக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதெல்லாம் பொறுமை இருந்தால் நடக்கிற வேலை. உரிமம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான தவிப்பு ஆரம்பிக்கும். செட் வேண்டுமே!

வெளிநாட்டு செட் வாங்க எங்களிடம் காசு இல்லை. பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியே வியூ2ஆர்ஜி என்ற அழைப்புக்குறி வைத்திருந்த ஹாம்தான். ஹாம்களுக்கு இறக்குமதி வரியில் சலுகையும் கிடைத்தது. ஆனாலும் டாலரில் விலை சொல்லும் பொருளைக் கடலூரில் இருக்கும் மாணவன் எப்படி வாங்குவான்? கட்டித்தான் ஆகவேண்டும். அமெரிக்க ஹாம் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல்.லின் கையேட்டைத் திறந்தால் ஒவ்வொரு சுற்றுப்படத்திலும் எஃப்.டி.50-43 என்றும் டி50-2 என்றும் போட்டிருக்கும். கலிபோர்னியாவில் அமிடான் என்ற கம்பெனி விற்கிறது என்று கீழே குறிப்பு. முதல் எண் வளையத்தின் வெளிவிட்டம், அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. கோட்டுக்குப் பின்னால் வருவது அது என்ன சரக்கு என்பது. அந்த இரண்டாவது எண்தான் உயிர். எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஆள் கிடையாது.

ஆனால் கோருக்குப் பஞ்சமில்லை. இதை இன்றைய பிள்ளைகள் நம்புவது கஷ்டம். சென்னைத் தொலைக்காட்சி 1975இல் ஆரம்பித்தது. கடலூருக்கு அது எட்டாத தூரம் என்பதால் வீட்டுக்கு வீடு உயரமான கம்பத்தில் ஆன்டெனா ஏறியது. டெல்டாக் கரையோரம் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிக்கக் கம்பத்தின் மேல் கம்பம் வைத்துக் கட்டி, பூஸ்டரும் போட்டார்கள். 1983இல் இன்சாட்-1பி மேலே போன பிறகு ஊருக்கு ஊர் சின்ன ரிலே நிலையங்கள் வந்தன, வீடுகளில் இன்னும் செட் பெருகியது. டயனோரா, சாலிடேர் என்று சென்னையில் செய்த செட்டுகள். ஒவ்வொரு ஆன்டெனாவின் கீழும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் 300 ஓம் ரிப்பன் கம்பியை 75 ஓம் கேபிளோடு சேர்க்கும் பலுன். பலுனுக்குள் இரட்டை ஓட்டை போட்ட குட்டிக் கோர் ஒன்று. பார்ப்பதற்குப் பன்றி மூக்குப் போலவே இருக்கும், நாங்களும் அப்படித்தான் கூப்பிடுவோம். கடல் காற்றில் இரண்டு வருஷத்தில் கம்பி துருப்பிடித்துப் பலுன் போய்விடும். டப்பாவை மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடுவார்கள். காயலாங்கடையில் அதற்கு விலையே கிடையாது, இரும்பும் இல்லை, பித்தளையும் இல்லை என்று ஓரமாகக் கொட்டுவார்கள்.

அப்படிக் கொட்டியவற்றை எடுத்துச் சேர்த்தவர் ஒருவர் இருந்தார். திருப்பாதிரிப்புலியூரில் டி.வி. மெக்கானிக். அவர் ஹாம் அல்ல, உரிமம் எடுக்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. பூஸ்டரைப் பழுது பார்க்கும்போது பழைய கோரில் புதுக் கம்பி சுற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறார். சில கோரில் படம் தெளிவாக வந்தது, சிலவற்றில் பனி கொட்டியது. ஏன் என்று தெரியவில்லை. தெரியாததைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருந்தார். ஒருநாள் அதைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். பன்றி மூக்குகள், அரை அங்குல வளையங்கள், டிரான்சிஸ்டர் ரேடியோவின் உடைந்த ஃபெரைட் கம்பிகள், டி.வி.யின் எல்.ஓ.டி.யிலிருந்து (லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்) கழற்றிய பெரிய யூ வடிவத் துண்டுகள்.

“அண்ணே, இந்த வளையம் எதுலேருந்து எடுத்தது?”

“எனக்கென்னப்பா தெரியும்? எப்பவோ போட்டது. நீதான் காலேஜுக்குப் போறியே, அளந்து சொல்லு. எழுதி வெச்சுக்கறேன்.”

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வேலை கிடைத்தது. இன்றுவரை விட்டபாடில்லை.

அளப்பது எப்படி? இன்டக்டன்ஸ் மீட்டர் என்ற ஒன்றை நாங்கள் படத்தில்தான் பார்த்திருந்தோம். கல்லூரி ஆய்வகத்தில் சிக்னல் ஜெனரேட்டர் இருந்தது. அது போதும். மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சம் கிடக்கும் 26 கேஜ் எனாமல் கம்பியை வாங்கி, வளையத்தில் பத்துச் சுற்றுச் சுற்றினேன். இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், புதிதாகச் செய்கிற எல்லாரும் தடுமாறும் இடம் இது. கம்பி வளையத்தின் ஓட்டைக்குள் ஒரு தடவை நுழைந்து போனாலே அது ஒரு சுற்று. வெளியே தெரியும் வளைவுகளை எண்ணக்கூடாது, உள்ளே எத்தனை கம்பி தெரிகிறது என்றுதான் எண்ணவேண்டும். பத்து என்று நினைத்து ஒன்பது சுற்றினால் கணக்கு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பிசகும், ஏனென்றால் இன்டக்டன்ஸ் சுற்றின் இருமடியைப் பொறுத்தது.

சுற்றியதன் இரண்டு முனைக்கும் நடுவே அளவு தெரிந்த 100 பிகோஃபாரட் மைக்கா கண்டென்சர். ஜெனரேட்டரிலிருந்து ஒற்றைச் சுற்று ஒன்றை ஓட்டைக்குள் விட்டு சிக்னல் கொடுத்தேன். மறுபக்கம் ஒரு டயோடும் வோல்ட் மீட்டரும். டயலை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முள் சட்டென்று ஏறி, மறுபடி இறங்கும். ஏறிய இடம்தான் ரெசனன்ஸ். என் முதல் வளையத்துக்கு அது 2.4 மெகாஹெர்ட்ஸ். முள் ஏறியதைப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! பேசாத பொருள் ஒன்று முதன்முதலாக ஒரு எண்ணைச் சொன்னது.

மீதி பேனாவும் காகிதமும். 100 பிகோஃபாரட்டுடன் 2.4 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுருள் 44 மைக்ரோஹென்றி. அதைப் பத்தின் இருமடியால், அதாவது நூறால் வகுத்தால் 0.44 மைக்ரோஹென்றி, 440 நானோஹென்றி. கோர்காரர்கள் ஏ.எல். என்று சொல்லும் எண் இதுதான். ஏ.எல். தெரிந்தால் எத்தனை சுற்றுக்கு எவ்வளவு வரும் என்று எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இன்னும் ஒரு படி போக வேண்டுமானால் ஸ்கேல் வேண்டும். என் வளையத்தின் வெளிவிட்டம் 12.7 மில்லிமீட்டர், உள்விட்டம் 7.1, உயரம் 4.8. வெளிவிட்டத்தை உள்விட்டத்தால் வகுத்து அதன் இயற்கை மடக்கை எடுத்து, உயரத்தால் பெருக்கி, 0.2ஆல் பெருக்கி, கிடைப்பதை வைத்து ஏ.எல்.ஐ வகுத்தால் அந்தச் சரக்கின் பெர்மியபிலிட்டி, மியூ என்கிறோமே அது, வந்துவிடும். எனக்கு 800க்கு அருகில் வந்தது. கையேட்டில் 43ஆம் எண் சரக்குக்கு என்ன போட்டிருந்தது தெரியுமா? ஏறத்தாழ அதே எண்தான்.

மெக்கானிக் அண்ணன் ஒரு தீப்பெட்டி அட்டையைக் கிழித்து, பென்சிலால் “10 சுத்து, 100 பி.எஃப்., 2.4” என்று எழுதி, நூலால் வளையத்தில் கட்டி டின்னில் போட்டார். 43 என்று எழுதவில்லை. “அது நீ நெனைக்கிறது. இது அளந்தது” என்றார். பெரிய ஆய்வகங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கும் இந்தத் தெளிவு எல்லா நாளும் இருப்பதில்லை. அளவை எழுதி வைத்தால் பின்னால் வருகிறவன் தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்வான். முடிவை மட்டும் எழுதினால் நம் தப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவான்.

இந்தப் பொருள் என்ன என்று கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபெரைட் உலோகம் அல்ல, சுட்ட செராமிக். விருத்தாசலத்தில் சூளையில் சுட்டு மின் இன்சுலேட்டரும் பீங்கான் பொம்மையும் செய்கிறார்களே, அந்தக் குடும்பம். இரும்பு ஆக்சைடுப் பொடியோடு மாங்கனீசும் துத்தநாகமும் (ஜிங்க்), அல்லது நிக்கலும் துத்தநாகமும் கலந்து, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். 1930இல் தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் யோகோரோ காட்டோவும் தாகேஷி தாகேயும் கண்டது. அதைச் செய்து விற்கவே 1935இல் டி.டி.கே. கம்பெனி பிறந்தது. பிறகு ஹாலந்தில் பிலிப்ஸின் ஸ்னூக் இதில் ஆழமாக இறங்கி, மியூ எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவு சீக்கிரம், தாழ்ந்த அலைவரிசையிலேயே, கோர் களைத்துவிடும் என்று 1948இல் கணக்காக எழுதினார். மெக்கானிக் அண்ணனுக்குப் படம் தெளிவாக வந்ததும் பனி கொட்டியதும் ஏன் என்பதற்கு விடை அதில் இருந்தது. எல்.ஓ.டி.யும் பவர் சப்ளைக் கோரும் மாங்கனீஸ்-ஜிங்க். மியூ 2000, 3000 என்று பெரிதாக இருக்கும், ஆனால் கிலோஹெர்ட்ஸில் உழைக்கப் பிறந்தவை. டி.வி. பலுன் நிக்கல்-ஜிங்க். மியூ குறைவு, ஆனால் நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும்.

இரண்டையும் பிரிக்க ஒரு எளிய வழி உண்டு, அதற்கு ஆய்வகம் வேண்டாம். கோரின் மேல் பூச்சு இருந்தால் இரண்டு இடத்தில் சுரண்டிவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் அழுத்திப் பாருங்கள். சில கிலோஓமிலிருந்து சில நூறு கிலோஓமுக்குள் ஏதாவது காட்டினால் பெரும்பாலும் மாங்கனீஸ்-ஜிங்க். முள்ளே அசையாவிட்டால் நிக்கல்-ஜிங்க். இது முதல் சல்லடைதான். இதை மட்டும் நம்பி செட் கட்டக்கூடாது, ஆனால் டின்னில் பாதியை ஒரு மாலையில் பிரித்துவிடலாம்.

2000களின் தொடக்கத்தில் ஹைதராபாத் அஷர் ஃபர்ஹான், அழைப்புக்குறி வியூ2ஈஎஸ்இ, பிட்எக்ஸ் என்ற டிரான்சீவரின் வரைபடத்தை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தார். அதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. டொராய்டு எனும் வளையக் கோர் எளிதில் கிடைக்காத நாட்டில் உட்கார்ந்துகொண்டு, கிடைப்பதை வைத்து வடிவமைத்திருந்தார். காயில் சுற்றுவதற்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷர். அகலப்பட்டை டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.வி. பலுன் கோர். எங்கள் பன்றி மூக்கு! அந்த செட்டை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் கட்டினார்கள். கையில் இருப்பதை அளந்து தெரிந்துகொண்டால் அமிடானிடம் காத்திருக்க வேண்டாம் என்பதை அவர் ஒரு சர்க்யூட்டாகவே செய்து காட்டினார். இந்திய ஹாம் வரலாற்றில் இதைவிடப் பெரிய காரியம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அளந்து வைத்ததன் அருமை ‘தானே’ என்ற புயலின்போது தெரிந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்திரித் தோப்பும் பலாவும் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. கரன்ட் இல்லை, செல்போன் இல்லை. என்னிடம் 40 மீட்டர் பட்டைக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, மாற்றிக் கட்டிய ஒரு பிட்எக்ஸ் இருந்தது, கார் பேட்டரி இருந்தது. ஆனால் மாடியில் கட்டிய டைபோலின் நடுவில் இருந்த பலுன் தெருவில் நொறுங்கிக் கிடந்தது. ஃபெரைட் செராமிக் அல்லவா, விழுந்தால் உடைந்துதான் போகும். எந்தக் கடையும் திறக்கவில்லை. அப்போது மெக்கானிக் அண்ணன் இல்லை. காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. கடையைக் காலி செய்தபோது அவர் மகன் டின்னை என்னிடம் கொடுத்திருந்தார்.

டின்னைத் திறந்தேன். நூல் இற்றுப்போயிருந்தது, பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. 7 மெகாஹெர்ட்ஸில் 50 ஓம் லைனுக்கு, கோரின் சுற்று ஐந்து மடங்காவது எதிர்ப்புக் காட்ட வேண்டும். அதற்கு ஐந்தாறு மைக்ரோஹென்றி வேண்டும். 440 ஏ.எல். உள்ள வளையத்தில் நாலு சுற்றுச் சுற்றினால் ஏழு மைக்ரோஹென்றி. தாராளம். அதே கணக்கில் மியூ 125 உள்ள சரக்காக இருந்தால் ஒன்பது சுற்று வேண்டியிருக்கும். தெரியாமல் நாலே சுற்றோடு விட்டால் ஒரு மைக்ரோஹென்றிதான் கிடைக்கும், பலுன் பலுனாகவே இருக்காது. டார்ச் வெளிச்சத்தில், அளப்பதற்கு ஒரு கருவியும் இல்லாமல், அந்தத் தீப்பெட்டி அட்டையை மட்டும் நம்பிச் சுற்றினேன். சாயங்காலம் பட்டையில் சென்னை ஹாம்கள் கேட்டார்கள், என் ஐந்து வாட்டும் அவர்களுக்குக் கேட்டது. கடலூரில் இருந்த நாலு வீட்டுக்காரர்கள் நலமாக இருக்கும் செய்தி அவர்களுடைய சென்னைச் சொந்தங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான் நான் செய்தது. அதைச் செய்யவைத்தது அட்டையில் இருந்த 2.4 என்ற எண்.

இனி இன்றைய கதை.

இப்போது என் சட்டைப் பையில் ஒரு நானோவி.என்.ஏ. இருக்கிறது. ஜப்பானிய ஹாம் ஒருவரின் திறந்த வடிவமைப்பில் பிறந்து, 2019 முதல் சீனாவிலிருந்து உலகெங்கும் போனது. விலை சில ஆயிரம் ரூபாய். வளையத்தில் கம்பியைச் சுற்றி இதில் மாட்டினால், ஒவ்வொரு அலைவரிசையிலும் அந்தச் சுருள் எவ்வளவு இன்டக்டன்ஸ், எவ்வளவு இழப்பு என்று திரையில் கோடாக வரைந்துவிடும். எண்பதுகளில் பாசஞ்சரில் போய், அனுமதி கேட்டு, அரை நாள் செலவிட்டு ஒரே ஒரு புள்ளியைத்தான் எடுத்தோம். இப்போது தேநீர் ஆறுவதற்குள் முழுக் கோடும் வந்துவிடுகிறது. இழப்பும் இன்டக்டன்ஸின் எதிர்ப்பும் எந்த இடத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன என்று பார்த்தால் சரக்கின் ஜாதகமே தெரிந்துவிடும். 43 ரகத்தில் தாழ்ந்த அலைவரிசையிலேயே வெட்டும், 61 ரகத்தில் அதைவிட வெகு மேலேதான் வெட்டும், பவர் சப்ளைக் கோரில் இரண்டுக்கும் முன்பே. அட்டையில் 2.4 என்று எழுதிய அந்த வளையத்தின் உடன்பிறப்பு ஒன்றை இதில் போட்டுப் பார்த்தேன். இரண்டு முடிவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே இருந்தன. கம்பிச் சுற்றுக்குச் சொந்தமாக இருக்கும் சில பிகோஃபாரட்டை அன்று கணக்கில் சேர்க்கவில்லை, வித்தியாசம் அவ்வளவே.

அளக்கும் கருவி வந்தது, ஆனால் அளக்க வேண்டிய கோர் போய்விட்டது. கேபிள் டி.வி. வந்தபோதே ஆன்டெனாக் கம்பங்கள் இறங்கின. இப்போதைய எல்.இ.டி. டி.வி.யைப் பிரித்தால் அரிசி மணியை விடச் சின்னச் சில்லுகள்தான். பழைய படக்குழாய் செட்டுகளும் காயலாங்கடையிலிருந்து மொத்தமாக லாரி ஏறிவிட்டன. பிஸ்கட் டின் நிறையச் சும்மா கிடைத்ததை இன்று தேடி அலைய வேண்டியிருக்கிறது.

வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம். போனில் ஆர்டர் போட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. பெயரோடும் வருகிறது, அங்கேதான் புதுச் சிக்கல். எனக்கு வந்த ஒரு பொட்டலத்தில் டி50-2 என்று எழுதிய சிவப்பு வளையங்கள். 2ஆம் எண் இரும்புத்தூள் சரக்குக்கு நிறம் சிவப்பு, சரிதான். அந்த அளவுக்கு ஏ.எல். 4.9 நானோஹென்றி. இருபது சுற்றுச் சுற்றினால் 2 மைக்ரோஹென்றிக்குச் சற்றே குறைய வரவேண்டும். 13 வந்தது. பவர் சப்ளைக்குச் செய்த மலிவான இரும்புத்தூள் வளையத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். எண்பதுகளில் வளையம் பெயர் இல்லாமல் வந்தது, ஆனால் பொய் சொல்லவில்லை. இன்று பெயர் இருக்கிறது, அதை நம்பிச் செட் கட்டினால் ஏமாந்துபோவோம்.

போன வருஷம் சிதம்பரத்திலிருந்து ஒரு மாணவி வந்தாள். மாதிரிப் பரீட்சை எல்லாம் போனிலேயே எழுதிப் பழகி, உரிமம் வாங்கியவள். 40 மீட்டருக்கு லோ-பாஸ் ஃபில்டர் கட்டியிருந்தாள், எட்டு வாட் உள்ளே போனால் ஒரு வாட் கூட வெளியே வரவில்லை.

“சார், கால்குலேட்டர்ல டி50-6க்கு 17 சுற்றுன்னு போட்டிருந்துச்சு. மஞ்சக் கலர்தான சார் ஆறாம் நம்பர்? இது பழைய கம்ப்யூட்டர் எஸ்.எம்.பி.எஸ்.லேருந்து எடுத்தேன், அதுவும் மஞ்சள்தான்.”

வளையத்தைத் திருப்பிக் காட்டினேன். மூன்று பக்கம் மஞ்சள், ஒரு முகம் மட்டும் வெள்ளை. அது 26ஆம் எண். 6ஆம் எண்ணின் மியூ 8.5, இதனுடையது 75. பதினேழு சுற்றுக்கு 1.2 மைக்ரோஹென்றி வரவேண்டிய இடத்தில் ஒன்பதரை நின்றிருந்தது. கெட்டிக்காரப் பெண், உடனே கேட்டாள்: “அப்ப சுற்றைக் குறைச்சு 1.2க்குக் கொண்டுவந்தா போதுமா சார்?” நல்ல கேள்வி. குறைத்து ஆறு சுற்றுச் சுற்றி நானோவி.என்.ஏ.வில் மாட்டிக் காட்டினேன். இன்டக்டன்ஸ் சரியாக வந்தது, ஆனால் 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பும் கூடவே ஏறி நின்றது. மலிவான எல்.சி. மீட்டர் தாழ்ந்த அலைவரிசையில் அளக்கும். அது இந்த இழப்பைச் சொல்லவே சொல்லாது. எங்கே பயன்படுத்தப் போகிறோமோ அங்கேதான் அளக்கவேண்டும். அவள் ஒரு வார்த்தை பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்த மற்ற வளையங்களை எல்லாம் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். இரவு ஏழரை மணி வரை சுற்றினோம். கடைசி பஸ் பிடிக்க அவளை அனுப்பும்போது ஒவ்வொரு வளையத்திலும் ஒரு அட்டை தொங்கியது. எழுதியது அவள் கை.

அவள் என்னைவிட நன்றாகவே செய்வாள் என்று நம்புகிறேன். எங்களுக்குக் கிடைக்காத கருவி அவளிடம் இருக்கிறது. ஆனால் கருவியை வெளியே எடுக்கும் பழக்கம் கால்குலேட்டரிலிருந்து வராது. நிறத்தைப் பார்த்ததும், பெயரைப் படித்ததும் கை தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. எங்களுக்கு நிறமும் பெயரும் கிடைக்காததால் அளக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இன்றைய பிள்ளைகளுக்கு அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். கடலூரிலும் சிதம்பரத்திலும் நெய்வேலியிலும் பழைய ஹாம்கள் இருக்கிறோம். வேறு யார் செய்வார்கள்?

அதனால் கேட்கிறேன். வீட்டுப் பரணில் பழைய படக்குழாய் டி.வி., பூஸ்டர், ரிப்பன் கம்பியோடு பலுன் டப்பா, கம்ப்யூட்டர் பவர் சப்ளை, மானிட்டர் கேபிளின் தடித்த முண்டு எது கிடந்தாலும் எடைக்குப் போடுமுன் யோசியுங்கள். கேபிள் முண்டுக்குள் இருப்பது பெரும்பாலும் நல்ல நிக்கல்-ஜிங்க் கோர். படக்குழாய் செட்டை நீங்களாகத் திறக்காதீர்கள். நிறுத்தி வைத்த பிறகும் குழாயில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும், தெரிந்தவர்களிடம் கொடுங்கள். சி.எஃப்.எல். பல்பின் அடிப்பகுதியிலும் குட்டிக் கோர்கள் உண்டு, ஆனால் கண்ணாடிக் குழாய் உடைந்தால் பாதரசம் வெளியே வரும், உடைக்காமல் எடுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். கழற்றிய கோரை வைத்திருப்பவர்கள் பத்துச் சுற்றுச் சுற்றி, எந்த அலைவரிசையில் என்ன வந்தது என்று ஒரு அட்டையில் எழுதி, அதோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். எழுதியதைப் பக்கத்து ஊரில் புதிதாக உரிமம் வாங்கிய பிள்ளையிடம் கொடுங்கள்.